இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளி

காலேஜ் பையைத் தோளில் இருந்து இறக்காமலே வந்து, பிரிட்ஜில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள் என் பேத்தி. ஆவணி பிறந்தும் வெயில் குறையவில்லை. நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்பத்தா, ஒரு கிளாஸ விட்டுறலாமான்னு இருக்கு."

"அதென்ன ஆட்டுக்குட்டியா, அவுத்து விடுறதுக்கு?"

வழக்கமாக இந்த மாதிரி ஏதாவது சொன்னால் கையில் கிடைத்ததை எடுத்து என் மேல் எறிவாள். ஒரு அவரைக்காயாவது வந்து விழும் என்று காத்திருந்தேன். அவள் பையின் வாரைப் பிடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியல அப்பத்தா," என்றாள்.

அவள் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்குப் படிக்கிறாள். அப்போது இரண்டாம் வருடம். எல்லோருக்கும் உள்ள ஆறு பாடம் போக, நன்றாகப் படிக்கிற பன்னிரண்டு பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துக் கூடுதலாக ஒரு பாடம் வைத்திருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள், மற்ற பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு மூன்றரையில் இருந்து ஐந்தரை வரை நடக்கும். கம்ப்யூட்டரை வைத்துக் கணக்குப் போடுகிற படிப்பு. அதை முடித்தால் சர்டிபிகேட்டில் தனியாக எழுதித் தருவார்கள், மேல்படிப்புக்குப் பெரிய இடங்களில் சீட்டுக் கேட்கலாம். அப்படித்தான் அவள் எனக்குச் சொல்லியிருந்தாள். தாங்க முடியாதவர்கள் செப்டம்பர் மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுப் பெரியவர் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். அந்த வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டால் விலக முடியாது, நடுவில் நின்றால் பெயில் என்று விழும். விலகியவள் மனசு மாறித் திரும்பி வந்தாலும் சேர்க்க மாட்டார்கள்.

இதில் எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான். பன்னிரண்டு பேரில் என் பேத்தியும் ஒருத்தி. அது போதாதா எனக்கு. கோச்சடையில் எங்கள் தெருவில் அதைக் கேட்காத காது கிடையாது. ரேஷன் கடை வரிசையில் சொன்னேன். காய்கறி வண்டிக்காரரிடம் சொல்லிக் கூடுதலாகக் கறிவேப்பிலை வாங்கினேன். எதிர்வீட்டம்மாவிடம் தினமும் சொன்னேன். அவர்கள் சௌராஷ்டிராக்காரர்கள். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வாசலுக்கு வந்தால் நம் பாஷை. அந்தம்மாவுக்கும் ஒரு பேத்தி, மருந்தாளுநர் படிப்பு.

"என்னக்கா, உங்க பேத்தி பொழுதன்னைக்கும் காலேஜ்லயே கெடக்கா. வீட்டுக்கு வழி மறந்துருச்சா?"

"கம்ப்யூட்டருக்குக் கணக்கு வரலையாம். இவதான் சொல்லிக் குடுத்துட்டு வாரா."

"அம்புட்டுப் பெரிய படிப்பா?"

"உங்க பேத்தி மாத்திரைய எண்ணிக் குடுப்பா. எம் பேத்தி அந்த எண்ணுறதுக்கே கணக்கு எழுதுவா."

இப்படிப் பேசியே வளர்ந்த வாய் இது. அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு வாயைத் தவிர வேறு படிப்பு இல்லை.

ஆனால் அந்தப் பிள்ளையின் நாள் எப்படிப் போய்க்கொண்டிருந்தது என்று தெருவில் நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மகன் லாரி ஓட்டுகிறான். கிளம்பினால் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் முகம் தெரியும். மருமகளுக்கு ஆனி மாதம் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். ஆறு மாதத்துக்குக் குனிய வேண்டாம், கனமாக எதையும் தூக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தையல் பிரிந்து ஒருமுறை சீழ் வைத்து மறுபடியும் போய்ப் படுத்து வந்தாள். எனக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் குடத்தைத் தூக்கிப் பார்த்தேன். வாசல்படியில் கால் மடங்கி, குடத்தோடு உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று நாள் என் முட்டிக்குத் தைலம் தேய்க்கிற வேலையும் அவள் தலையில் விழுந்தது.

ஆக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடிகாலையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பது அவள். சோறு, குழம்பு அவள். அம்மாவுக்குக் குளிக்க வெந்நீர், துணி அலசுவது, எல்லாம் முடித்து எட்டரை பஸ். ஆறு பாடம். மூன்றரைக்கு அந்தக் கூடுதல் கிளாஸ். அங்கிருந்து கே.கே. நகரில் ஒரு வீட்டில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டியூசன். அந்த டியூசனில்தான் அவள் காலேஜ் பீஸ் போய்க்கொண்டிருந்தது, அதனால் அதை விடு என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்தால் ரெக்கார்டு நோட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன்: "உங்காத்தா உன்னைய பத்து மாசம் சொமந்தா. நீ ஒரு ஆறு மாசம் கொடம் சொமக்க மாட்டியா?" சொல்லிவிட்டு நானே சிரிப்பேன். அவளும் கொஞ்ச நாள் சேர்ந்து சிரித்தாள்.

விடலாமா என்று முதலில் சொன்ன அன்றைக்கு அப்புறம் ஒரு வாரம் அவள் அதே பேச்சாக இருந்தாள். காலையில் குழாயடியில் "விட்டுறேன் அப்பத்தா" என்பாள். பஸ்ஸுக்கு ஓடும்போது "இல்ல, படிச்சிருவேன்" என்பாள். காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் நடுவில் ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் விட்டால் என்ன ஆகும், மறுபக்கம் படித்தால் என்ன ஆகும் என்று எழுதினாள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் நிறைந்துவிட்டது. அந்தத் தாளை மடித்து டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்தாள். மறுநாள் இன்னொரு தாள். சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருப்பாள். தலையைச் சீவினால் சீப்பில் பாதிக்கொண்டை வந்தது.

"அந்தக் கிளாஸ்லதான் அப்பத்தா எனக்கு நல்லா வருது. மத்ததெல்லாம் படிக்கிறேன். இது மட்டும் தானா வருது. அதையத்தான் விடணுங்குறது என்ன நியாயம்?"

"அப்ப விடாத."

"விடலைன்னா நான் விழுந்துருவேன்."

"அப்ப விட்டுரு."

"நீ என்னதான் சொல்ற?"

"நான் என்ன சொன்னாலும் நீ அதுக்கு மாத்தித்தான சொல்ற. அதான் ரெண்டையும் சொல்லி வைக்கிறேன்."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த மருமகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தன்னால்தான் எல்லாம் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. மகள் எதிரில் அதைச் சொல்லவும் மாட்டாள்.

ஒரு சனிக்கிழமை துணி காயப்போட்டுவிட்டு வந்தவள், "சாமிகிட்ட கேட்டுருவோம் அப்பத்தா. என்னால இனிமே யோசிக்க முடியல. அது என்ன சொல்லுதோ அதைச் செஞ்சுட்டுப் போறேன்," என்றாள்.

எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதுவும் பூக் கேட்காமல் நடந்ததில்லை. சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். மடித்துச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு, வேறு மனிதர் யாரையாவது விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வந்த பூதான் உத்தரவு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே தண்ணீரில் போட்டுவிட வேண்டும். வயலில் போர் போடுகிற இடம், வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம், மருமகளுக்கு ஆபரேசன் எந்த ஆஸ்பத்திரி என்று எல்லாம் பூவில்தான் முடிவானது. என் மகனுக்குப் பெண் பார்த்தபோதும் பூதான். இரண்டு இடம் வந்திருந்தது. எனக்குப் பிடித்த இடத்துக்கு வெள்ளை என்று வைத்துக்கொண்டு, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே மடித்து வைத்துவிட்டேன். அப்படி வந்தவள்தான் இந்த மருமகள். நல்லவிதமாகத்தான் அமைந்தது. அந்தத் திருட்டு என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அதனால் எனக்கு அந்த விஷயத்தில் பயமும் கிடையாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகக் கீழக்குயில்குடிக்குப் போனோம். மலையடியில்தான் எங்கள் குலசாமி. பஸ்ஸில் போகும்போதே அவள் சொல்லிவிட்டாள்: "சிவப்பு வந்தா படிக்கிறது. வெள்ளை வந்தா விட்டுறது. சரியா?"

"சரி," என்றேன்.

வழியில் இறங்கிய இடத்தில் பூக்கடை. செவ்வரளியும் நந்தியாவட்டையும் வாங்கினேன். அவள் சூடம் வாங்க அடுத்த கடைக்குப் போனாள். பெஞ்சில் உட்கார்ந்து, பேப்பரைக் கிழித்து, ஒரு பொட்டலத்தில் செவ்வரளியை வைத்து மடித்தேன். இன்னொரு தாளை எடுத்தபோது என் கை மறுபடியும் செவ்வரளிக்குத்தான் போனது. நந்தியாவட்டையை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஏன் செய்தேன் என்று பிறகு பலவிதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பிள்ளைக்குப் படிக்கத்தான் ஆசை, ஒரு தள்ளுத் தள்ளினால் போதும் என்று சொல்லிக்கொண்டேன். மூன்று மாதம் பல்லைக் கடித்தால் முடிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நிஜமாக என் மனசில் இருந்தது எதிர்வீட்டம்மாவின் முகம். பேத்தி கிளாஸை விட்டுவிட்டாள் என்று அந்த முகத்துக்கு நேராக நான் எப்படிச் சொல்வேன் என்பதுதான்.

கோவிலில் பூசாரி இல்லை. சருகு கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டேன்.

"ஏத்தா, இதுல ஒண்ண எடுத்துக் குடு."

"நான் எடுக்கலாமாக்கா? கையெல்லாம் மண்ணு."

"மண்ணுதான நல்லது. எடு."

அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பேத்தி கையில் கொடுத்தாள். நான் மிச்சம் இருந்த பொட்டலத்தை உடனே கையில் எடுத்துக்கொண்டேன். பேத்தி மெதுவாகப் பிரித்தாள். சிவப்பு.

அவள் முகத்தில் சந்தோசம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. வருத்தமும் வரவில்லை. பூவை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, கீழே உட்கார்ந்து, முட்டியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அப்படியே இருந்து, "சரி," என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

"சாமிக்கே நீ படிக்கணும்னு ஆசை. அதுக்கும் கம்ப்யூட்டர் தெரியல போல," என்றேன்.

அவள் தலை நிமிரவில்லை. நான் போய் அந்த இன்னொரு பொட்டலத்தைக் கோவிலுக்கு முன்னால் இருந்த தாமரைக் குளத்தில் போட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து முந்தானையை அவிழ்த்தால் நந்தியாவட்டை நசுங்கி வியர்வையோடு ஒட்டிக் கிடந்தது. சாக்கடையில் உதறினேன்.

அதற்குப் பிறகு அவள் விடுவதைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் அந்த அமைதியைப் பார்க்கப் பயம் வந்தது. முன்பு முணுமுணுப்பாள், குடத்தை ணங்கென்று வைப்பாள், என்னைத் திட்டுவாள். இப்போது சாமி சொன்னதைச் செய்கிறவள் மாதிரி, சொன்ன வேலையைச் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவாள். வேலை இல்லாத நேரத்தில் நின்ற இடத்தில் நிற்பாள். ஒரு நாள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் பஸ் கடைசி வரைக்கும் போய் வந்திருக்கிறாள். ஒரு நாள் குக்கரில் அரிசி போடாமல் தண்ணீரை மட்டும் வைத்து விசில் விட்டாள்.

"என்ன, வெறும் தண்ணியவே வேக வச்சுட்ட. பல்லு இல்லாத எனக்குத் தோதாச் செஞ்சியோ?"

"மறந்துட்டேன் அப்பத்தா," என்றாள். மூடியைத் திறந்து அரிசியைப் போட்டாள். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

ரெக்கார்டு நோட்டுக்குள் ஒரு தேர்வுத்தாள் மடித்து இருந்தது. தூசி தட்டும்போது கீழே விழுந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கு எண் நன்றாகவே தெரியும். நாற்பதுக்கு ஒன்பது. எப்போதும் முப்பத்தைந்துக்குக் கீழே வாங்காத பிள்ளை. மடித்த மடிப்புப் பிசகாமல் திரும்ப வைத்தேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கடைசி வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. சொன்னால் என்னை என்ன நினைப்பாள் என்று யோசித்தேன். அடுத்த நாள் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த நாளும் அதையே நினைத்தேன்.

வியாழக்கிழமை விடிந்த நேரம் தெருவில் சத்தம். வெளியே போய்ப் பார்த்தேன். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. அவள் குடம் நிறைந்து வழிந்து, தெரு முழுக்க ஓடுகிறது. பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் கத்துகிறார்கள். அவள் குடத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதிர்வீட்டம்மாதான் போய்க் குழாயை நிறுத்தி, அவள் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

"அக்கா, புள்ளைய உள்ள கூட்டிட்டுப் போங்க. கொடத்த நான் கொண்டாரேன். ஒடம்பு கொதிக்குது பாருங்க."

உள்ளே கூட்டி வந்து சுவரோரம் உட்கார வைத்தேன். ஈரப் பாவாடையை மாற்றச் சொன்னேன். அவள் அசையவில்லை.

"என்னத்தா செய்யுது?"

"ஒண்ணுமில்ல. காலையில முழிப்பு வரும்போதே, இன்னைக்கு எந்திரிக்காமயே போயிட்டா நல்லாருக்குமேன்னு தோணுது அப்பத்தா. தெனமும் தோணுது."

எத்தனையோ பேச்சுக்குச் சட்டென்று பதில் சொன்ன வாய். அதற்கு ஒன்றும் வரவில்லை. கட்டிலில் இருந்து மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். நான் தரையில் பேத்திக்கு எதிரே உட்கார்ந்தேன். முட்டி வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தேன்.

"அது சாமி சொல்லலத்தா. நான்தான் செஞ்சேன்."

"எது?"

"ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பத்தான் வச்சேன். வெள்ளைய முந்தியில முடிஞ்சுக்கிட்டேன்."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. நான் திரும்பவும் சொன்னேன். பெஞ்சு, பேப்பர், சூடம் வாங்கப் போனது எல்லாம் சொன்னேன். எதிர்வீட்டம்மாவிடம் பெருமை பேசியதையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது மருமகள்தான் முதலில் பேசினாள்.

"எங்க கல்யாணத்துக்கும் பூக் கேட்டதாத்தான அத்தை சொன்னீக?"

நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பேத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், எதையாவது எடுத்து எறிவாள் என்று நினைத்தேன். அதற்காக ஏங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

"சாமி சொல்லிருச்சுன்னுதான் அப்பத்தா தெனமும் எந்திரிச்சேன்," என்றாள். "அது சொன்னா ஏதோ ஒரு தெம்பு குடுக்கும்ல. வரலையேன்னு தெனமும் பாத்தேன். நம்மகிட்டதான் ஏதோ கொறைன்னு நெனச்சேன்."

"தப்புத்தான் தாயி."

"சரி. இப்ப சொல்லு. விடவா, படிக்கவா?"

"எனக்குத் தெரியலத்தா."

"மூணு வாரத்துக்கு முன்னாடி தெரிஞ்சுச்சே."

மருமகள் கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்றாள். "நான் பாக்குறேன் வீட்டு வேலைய. நீ கிளாஸுக்குப் போ. ஒண்ணும் ஆகாது," என்றாள். இரண்டு எட்டு வைத்ததும் முகம் வெளுத்து, சுவரைப் பிடித்தாள்.

"நீ படும்மா," என்றாள் பேத்தி. அந்தக் குரலில் கோபம் இல்லை. பாவாடையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "யாரும் எதையும் விட முடியாதுல்ல. அம்மாவால முடியாது. உன்னால முடியாது. டியூசன விட முடியாது. தண்ணி வாரத நிறுத்த முடியாது. விடுறதுக்குன்னு என் கையில இருக்குறது அது ஒண்ணுதான்."

இதை அவள் காலண்டர்த் தாளில் எழுதவே இல்லை. எத்தனை தாள் எழுதினாள்.

காய்ச்சல் மாத்திரை கொடுத்து அன்றைக்கு லீவு போடச் சொன்னேன். கஞ்சியை எதிர்வீட்டம்மா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். போகும்போது என் கையைப் பிடித்து, "பெரிய படிப்பு, அதான் ஒடம்பு தாங்கல. நாளைக்குச் சரியாப் போயிரும்," என்றார். கேலி இல்லாமல்தான் சொன்னார். எனக்குத் தலைகுனிந்தது.

மத்தியானம் அவள் அந்தக் கூடுதல் பாடத்தின் நோட்டை எடுத்து விரித்து உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். நடுவில் ஒருமுறை பென்சில் நுனியைக் கடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தாள். பல நாளுக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்க்கிறேன். காய்ச்சலில் கண் சிவந்திருந்தாலும் அது என் பழைய பேத்தியின் முகம். படிக்கத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் ஒரு கோடு இழுத்து அடியில் வட்டம் போட்டாள்.

"வந்துருச்சு," என்றாள்.

"என்னத்தா வந்துருச்சு?"

"பத்து நாளா வராத கணக்கு." நோட்டை மூடி மேலே கையை வைத்துக்கொண்டாள். "நாளைக்கு எங்கூட வா அப்பத்தா. கையெழுத்துப் போடணும்."

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு நாங்கள் கணக்குத் துறைத் தலைவர் அறையில் உட்கார்ந்திருந்தோம். ஐம்பது வயது இருக்கும் அந்தம்மாவுக்கு. கண்ணாடியை இறக்கி, பேத்தி நீட்டிய பாரத்தைப் படித்தார். காரணம் என்ற இடத்தில் பேத்தி, குடும்பச் சூழ்நிலை என்று எழுதியிருந்தாள். நான் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். என் காரியத்தைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை.

"பன்னெண்டு பேர்ல யாராச்சும் விடுவாங்கன்னு தெரியும்மா. அது நீயா இருப்பேன்னு நான் நினைக்கல," என்றார். அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "வீட்டுல வேற வழி ஒண்ணும் இல்லையா? ரெண்டு மாசம் யாராவது தாங்கிப் பிடிச்சா முடிச்சிருவா."

"வழி இருந்தா இவ இங்க வந்து உக்காந்திருக்க மாட்டா டீச்சர்," என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"நீங்க சொல்லிப் பாக்கலாமே. பெரியவங்க சொன்னா கேப்பா."

"நான் சொல்லி இவ கேட்டது போதும் டீச்சர்."

பேத்தி என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு பாரத்தை என் பக்கம் நகர்த்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். எனக்குப் பெயர் எழுத நேரம் ஆகும். ஒவ்வொரு எழுத்தாக வரைய வேண்டும். அன்றைக்கு இன்னும் மெதுவாக வரைந்தேன். நான் எழுதி முடிக்கிற வரைக்கும் அவள் அந்த வகுப்பில்தான் இருக்கிறாள் என்று எனக்கு ஒரு எண்ணம். கடைசி எழுத்துக்குச் சுழி போடும் முன் பேனாவை நிறுத்தினேன்.

"போடு அப்பத்தா," என்றாள் மெதுவாக.

போட்டேன். அந்தம்மா கீழே தன் கையெழுத்தைப் போட்டு, சீல் குத்தி, ஒரு ஓரத்தைக் கிழித்துப் பேத்தியிடம் கொடுத்தார்.

அவளுக்கு இன்னும் ஒரு வகுப்பு இருந்தது. முடித்து வரும்வரை மரத்தடி பெஞ்சில் காத்திருந்தேன். மூன்றரைக்கு மணி அடித்ததும் பேத்தி என்னிடம் வந்தாள். பிள்ளைகள் கூட்டமாக வாசல் பக்கம் போனார்கள். ஏழெட்டுப் பேர் மட்டும் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் மாடிப்படிக்குப் போனார்கள். பின்னாலேயே இரண்டு மூன்று பேர் ஓடினார்கள். அதில் ஒருத்தி பேத்தியைப் பார்த்து, "வாடி, லேட்டு," என்று கையை ஆட்டினாள். பேத்தியும் பழக்கத்தில் இரண்டு எட்டு எடுத்து வைத்துவிட்டாள். நின்று, "நீ போ, நான் வரல," என்றாள். அந்தப் பெண் புரியாமல் ஒரு நிமிசம் பார்த்துவிட்டு ஏறிப் போனாள். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்கும் வரைக்கும் பேத்தி அங்கேயே நின்றாள்.

"வா அப்பத்தா. பஸ்ஸு போயிரும்."

டியூசனுக்கு அன்றைக்கு வரவில்லை என்று சொல்லியிருந்தாள். அந்த நேரத்து பஸ்ஸில் கூட்டமே இல்லை. அவள் தினமும் நின்றுகொண்டே வருகிற பஸ்ஸில் பாதி சீட்டு காலியாகக் கிடந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எம்மேல கோவமா?"

"தெரியல அப்பத்தா. தூக்கம் வருது."

"எம் மடியில படுத்துக்க."

"வேணாம்."

ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் தலை கம்பியில் மோதியது. நான் கையை நீட்டி, கம்பிக்கும் அவள் நெற்றிக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்தேன். நெற்றி இன்னும் சூடாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரம் அப்படியே வந்தோம். பிறகு அவள் கண்ணைத் திறக்காமல் என் கையை எடுத்து, சத்தமில்லாமல் என் மடியில் வைத்துவிட்டு, மறுபடியும் கம்பியிலேயே சாய்ந்துகொண்டாள்.

கோச்சடை வரும்வரை அந்தக் கையை நான் எடுக்கவில்லை.